சும்மா பார்க்கப் போன மதுரை

எங்கள் வீட்டில் ஊருக்குப் போக நான்கு காரணங்கள்தான் உண்டு. கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, கோயில். கள்ளக்குறிச்சிக்கும் சின்னசேலத்துக்கும் போவதெல்லாம் ஊருக்குப் போன கணக்கில் வராது, அது கடைக்குப் போவது. இந்த நான்கிலும் சேராத ஒரு காரியத்துக்காக யாரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி நான் பார்த்ததில்லை. அப்படி ஒருவர் கிளம்பியிருந்தால் புத்தி சரியில்லை என்று சேலத்துக்கு அழைத்துப் போயிருப்பார்கள். அதுவும் ஆஸ்பத்திரிக் கணக்கில் வந்துவிடும்.

போன தையில் எனக்கு அந்தப் புத்தி வந்தது. போனில் ஏதோ சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். அது முடிந்ததும் தானாக இன்னொன்று ஓட ஆரம்பித்தது. மதுரையில் இருக்கிற மஹால். என் வயதுள்ள ஒரு பொம்பளை, என்னைப் போலவே கொஞ்சம் பூசின உடம்பு, ஒரு பெரிய தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கை பாதித் தூணுக்குக்கூடப் போகவில்லை. அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். அவ்வளவுதான் வீடியோ. இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது? ஆனாலும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் நான் எதையெல்லாம் கட்டிப்பிடித்திருக்கிறேன் என்று யோசித்தேன். மாட்டுக் கழுத்து, வைக்கோல் கட்டு, சோள மூட்டை. வீட்டுக்காரரை இதில் சேர்க்கவில்லை, அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மறுநாள் காலையில் அவர் பால் கேனை வண்டியில் கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

“மதுரைக்குப் போலாமாங்க?”

“ஏன், யாருக்கு இன்னா?” என்றார். அங்கே யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று நினைத்துவிட்டார். எங்களுக்கு மதுரையில் யாருமே இல்லை என்பது அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

“யாருக்கும் ஒண்ணுமில்ல. சும்மா பாக்கறதுக்கு.”

“இன்னாத்த பாக்கறதுக்கு?”

“தூணு.”

கயிற்றை இறுக்குவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “நம்ம மாட்டுக் கொட்டாயிலகூடத்தான் தூணு நிக்குது” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு சொசைட்டிக்குப் போனார்.

நான் விடவில்லை. அன்று சாயங்காலம் டீயோடு போனையும் அவர் கையில் கொடுத்தேன். வீடியோவை ஒரு தடவை பார்த்தார். நான் எதுவும் சொல்லாமலே இன்னொரு தடவை பார்த்தார். “பெருசாத்தாண்டி இருக்குது” என்றார். அவர் பேச்சில் அதற்கு அர்த்தம், சரி போகலாம் என்பது.

அதற்கப்புறம் ஒரு வாரம் நாங்கள் இரண்டு பேரும் திட்டம் போட்டோம். கல்யாணம் ஆன புதிதில்கூட நாங்கள் அவ்வளவு பேசிக்கொண்டதில்லை. சின்னசேலத்தில் ரயில் ஏறி விருத்தாசலத்தில் மாறுவது. மஹாலை மத்தியானத்துக்கு மேல் பார்ப்பது, அப்போதுதான் வெயில் தூண்களின் மேல் சாய்வாக விழும் என்று வீடியோவில் சொன்னார்கள். தெப்பக்குளம், மியூசியம், ஜிகர்தண்டா. கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிற மகன் டிக்கெட் போட்டுக் கொடுத்தான். “எதுக்கும்மா திடீர்னு?” என்று அவனும் பயந்துபோய்த்தான் கேட்டான்.

திட்டத்திலேயே மிகச் சுலபமாக முடிந்த விஷயம் மாடு. கறவை மாடுகள் போக ஒன்று நிறை சினையாக நின்றது. “மாட்டை யார் பாக்கறது?” என்று அவர் கேட்டார். “கறக்கறதுக்குத்தான் அவ இருக்கறாளே” என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்து, ரயிலில் சாப்பிடப் புளிசாதமா எலுமிச்சை சாதமா என்ற பேச்சுக்குப் போய்விட்டோம்.

அவள் என்று நான் சொன்னது என் ஓரகத்தியை. என் கொழுந்தனார் பெண்டாட்டி. கொழுந்தனார் கதிர் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறவர். ஆந்திரா, கர்நாடகா என்று எங்கே நெல் பழுக்கிறதோ அங்கே மிஷினோடு போவார், மாதக் கணக்கில் வரமாட்டார். அவளுக்குக் கல்யாணம் ஆகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே மாட்டுக் கொட்டாய். என்னை அக்கா என்பாள். நான் கோபக்காரி, அவள் சிரிப்புக்காரி, அதனால் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

அத்தையிடம் சொல்வதுதான் பெரிய காரியமாக இருந்தது. என் மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் சும்மா பார்க்கப் போகிறோம் என்றால் அவருக்கு அது புரியாது. புரியாததை அவர் திட்டமாட்டார். ஒரு மாதம் பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்பார். அதற்குத் திட்டே மேல். அதனால், “ஒரு வேண்டுதல் இருக்குது அத்தை. மதுரைக்குப் போயி முடிச்சிட்டு வந்துடறோம்” என்று சொன்னேன். ஏதோ வாயில் வந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். மாட்டைக் குளிப்பாட்டும்போது தனியாக இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போய்ச் சொன்னேன்.

வேண்டுதல் என்றால் என்ன வேண்டுதல் என்று எங்கள் பக்கத்தில் கேட்கமாட்டார்கள். முடிக்கிற வரைக்கும் வெளியில் சொன்னால் பலிக்காது என்பது வழக்கம். அந்த வழக்கத்தை நம்பித்தான் இந்தப் பொய்யைத் தேர்ந்தெடுத்தேன். யாரும் குறுக்குக் கேள்வி கேட்காத பொய் வேறு எங்கே கிடைக்கும்? கேள்வி கேட்காதவர்கள் பதிலைத் தாங்களே வைத்துக்கொள்வார்கள் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எழுந்து போய்க் கை கழுவினார். சாமி மாடத்துக்குப் பின்னால் கையை விட்டு ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்துக்கொண்டு வந்தார். மஞ்சள் வெளுத்து, முடிச்சு இறுகிக் கல்லாகிக் கிடந்தது.

“சின்னவ வூட்டுக்கு வந்த மறு வருசம் காசு முடிஞ்சி வெச்சேன். எந்தச் சாமி கண்ணு தொறக்குதோ அதுக்குன்னு. உனக்குத் தோணிருக்குது பாரு. அம்மன் உண்டியல்ல போட்டுடும்மா” என்றார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “யாருக்குன்னு நான் கேக்கமாட்டேன். கேக்காமலே தெரியுது” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இல்லை அத்தை, எனக்குத் தூண் பார்க்க ஆசை, அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தால் ஒரு மாதப் பெருமூச்சோடு போயிருக்கும். நான் முடிச்சை வாங்கி முந்தானையில் செருகிக்கொண்டேன்.

வேண்டுதல் என்று ஆனபிறகு வீடு மாறிவிட்டது. அன்றைக்கு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கருவாட்டுக் குழம்பு சட்டியோடு எதிர்வீட்டுக்குப் போனது. வேண்டுதல் முடிகிற வரைக்கும் வீட்டில் கவுச்சி கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாவிட்டால் அது ஞாயிற்றுக்கிழமையே இல்லை. “தூணு பாக்கறதுக்குக் கருவாடு இன்னாடி பாவம் பண்ணுச்சு?” என்று கிசுகிசுத்தார். அம்மன் காரியத்துக்கு வெள்ளிக்கிழமைதான் நல்லது என்று அத்தை நாளையும் மாற்றினார். மகன் டிக்கெட்டை ரத்து செய்து மறுபடி போட்டான். போனிலேயே அவன் முறைப்பது எனக்குத் தெரிந்தது.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத விஷயம் பால் சொசைட்டியில் நடந்தது. பால் ஊற்ற வந்த பொம்பளைகள் எனக்கு வழி விட்டு நின்றார்கள். எங்கள் தெருக்காரி ஒருத்தி, “நல்ல மனசும்மா உனக்கு. கூடப் பொறந்தவளுக்குக்கூட எவளும் இப்பிடிப் பண்ணமாட்டா. நீ ஓரகத்திக்குப் பண்ற” என்றாள். அத்தை யாரிடமும் சொல்லியிருக்கமாட்டார். கேட்காமலே தெரிந்துகொள்கிற ஊர் எங்களுடையது. நான் கேனை மூடிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வந்தேன். எனக்கு யார் மேலோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வழியில் நின்ற நாயைத் திட்டினேன்.

ஓரகத்தி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் எழுந்து கொட்டாய்க்குப் போவதற்குள் சாணம் வாரித் தண்ணி காட்டியிருந்தாள். தீவனப் புல்லை அவளே அறுத்துக்கொண்டு வந்தாள். ஒருநாள் அவளுடைய அரக்குப் புடவையைக் கொண்டு வந்து, “மதுரையில இதக் கட்டிக்கோக்கா, உன் நெறத்துக்கு எடுக்கும்” என்று என் பெட்டியில் வைத்தாள். அவள் ஒவ்வொன்றாகச் செய்யச் செய்ய எனக்கு நெஞ்சில் முள் ஏறியது. குழந்தை கிடைக்கும் என்று நம்பித்தான் இதெல்லாம் செய்கிறாள் என்று நினைத்தேன். குற்ற உணர்ச்சி வந்தால் நல்ல மனிதர்கள் அழுவார்கள். எனக்குக் கோபம் வரும். “ஏண்டி, எல்லாத்தையும் நீயே இழுத்துப் போட்டுக்கினு செய்யற? நான் இன்னா செத்தா போயிட்டேன்?” என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

“நீ போனா நான்தானே செய்யணும். பழகிக்கினு இருக்கறேன்” என்று சிரித்தாள்.

நடுவில் ஒருநாள் கள்ளக்குறிச்சிக்கு உரம் வாங்கப் போனபோது ஒரு ஜோடி செருப்பு வாங்கினேன். பட்டை வைத்து, நடக்க மெத்தென்று இருப்பது. மஹாலில் நடக்க வேண்டுமே. வேண்டுதலுக்குப் போகிறவள் புதுச் செருப்பு வாங்கினால் அத்தை என்ன நினைப்பார் என்று, கொட்டாயில் தவிட்டு டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். இந்த வயதில் செருப்பை ஒளித்து வைக்கிற நிலைமை வந்ததே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். ஆனாலும் புல் போடப் போகும்போதெல்லாம் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் இருக்கும். மக்காச்சோளம் உதிர்த்துத் தார் ரோட்டில் ஓரமாகக் காயப் போட்டிருந்தோம். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அதுதான் களம். பஸ்காரர்கள் ஒதுங்கித்தான் போக வேண்டும், ஒதுங்கும்போது திட்டுவார்கள், நாங்களும் திருப்பித் திட்டுவோம். நானும் அவளும் காலால் சோளத்தைத் துழாவிப் புரட்டிக்கொண்டிருந்தோம். மேற்கே மலையைப் பார்த்தால் பாதி மலையைக் காணோம். கல்வராயன் மலையில் மேகம் இறங்கினால் அரைமணி நேரத்தில் இங்கே வந்துவிடும். தையில் மழை வருகிற வழக்கமில்லை, ஆனால் மழை இப்போதெல்லாம் வழக்கம் பார்த்து வருவதில்லை. இரண்டு பேரும் ஓடி ஓடிக் கூட்டிக் குவித்துப் படுதா போட்டு மூடினோம். காற்று படுதாவைத் தூக்கியது. ஆளுக்கொரு முனையில் கல் வைத்து, கல் பத்தாமல் நாங்களே ஏறி உட்கார்ந்துகொண்டோம்.

மழை நான்கு தூறலோடு போய்விட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. மூச்சு வாங்கியது. அவள் புடவைத் தலைப்பால் என் முகத்தில் இருந்த சோளத் தூசியைத் துடைத்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

“உனக்காக நான் ஒண்ணும் வேண்டிக்கலடி” என்றேன். “வேண்டுதலே கெடையாது. சும்மா ஊரு பாக்கப் போறோம். அத்தைகிட்ட பொய் சொல்லிட்டேன்.”

அவள் முகம் மாறும் என்று பார்த்தேன். மாறவில்லை.

“தெரியும்க்கா” என்றாள்.

“இன்னா தெரியும்?”

“தவிட்டு டிரம்முக்குப் பின்னால புதுச் செருப்பு இருக்குது. வேண்டுதலுக்குப் போறவ எவ புதுச் செருப்பு வாங்குவா? அப்பறம் நீ போனை எங்க வெச்சிட்டுப் போனாலும் அதுல அந்தத் தூணுதான் ஓடிக்கினு இருக்குது.”

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினதுபோலவும் இருந்தது. “அப்ப ஏண்டி ஒண்ணும் சொல்லல?” என்றேன்.

“அத்தை சந்தோசமா இருக்கறாங்க. அத எதுக்குக் கெடுக்கணும்?” என்றாள். படுதாவுக்கு வெளியே சிதறிக் கிடந்த சோளத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டே பேசினாள். “எனக்கு ரயில் ஏறுனா கோயில்தான்க்கா. ராமேஸ்வரம் போனேன், முழுவு முழுவுன்னு முழுவச் சொன்னாங்க. கரையில குந்தி கடல பாக்கலாம்னா நேரமாயிடுச்சுன்னு இட்டுக்கினு வந்துட்டாங்க. திருவண்ணாமலைக்குப் போயி மலைய சுத்துனேன், குனிஞ்ச தல நிமுரல. மதுரைக்குக்கூடப் போயிருக்கறேன்.”

“மதுரைக்கா?”

“ஆமா. கல்யாணமான மூணாம் வருசம். கோயில்ல நொழஞ்சி, கோயில்ல வெளிய வந்து, பஸ் ஏறிட்டோம். அந்த மஹாலு அங்கேந்து நடக்கற தூரம்தானாமே. உன் போன்ல சொல்லித்தான் தெரிஞ்சிக்கினேன்.”

நான் அதை மறந்தே போயிருந்தேன். அவளை எந்தெந்த ஊருக்கு அழைத்துப் போனார்கள் என்று நான் கணக்கு வைத்துக்கொண்டதில்லை. அவள் போகும்போதெல்லாம் மாடு கறந்தது நான். ஒரு வேலையாகத்தான் அது எனக்கு ஞாபகம் இருந்தது.

கைக்கெட்டின சோளத்தையெல்லாம் பொறுக்கி முடித்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னாள். “மொத நாளு நீங்க ரெண்டு பேரும் பேசிக்கினு இருந்தப்ப நான் கதவுக்குப் பின்னால தண்ணி புடிச்சிக்கினு இருந்தேன். சும்மா பாக்கப் போறாங்களான்னு எனக்கு ஒரே ஆச்சரியம். நீ என்னையும் கூப்புடுவன்னு நெனச்சி அப்பிடியே நின்னேன். கொடம் ரொம்பி வழியுது, நகரல. நீ, கறக்கறதுக்குத்தான் அவ இருக்கறாளேன்னு சொன்ன. சரின்னு கொடத்த தூக்கிக்கினு போயிட்டேன்.”

அவள் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. அன்றைக்கு என்ன சமைத்தோம் என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். இத்தனை நாள் பொய் சொல்லிவிட்டேனே என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். அந்தப் பொய்யில் அவளுக்கு ஒன்றுமே போகவில்லை. அதற்கு முன்னால், பொய்யே கலக்காமல் நான் பேசிய ஒரு பேச்சில்தான் போயிருக்கிறது. புளிசாதமா எலுமிச்சை சாதமா என்று அவ்வளவு நேரம் பேசினேன். அவளைப் பற்றி அந்த ஒரு பேச்சுதான் பேசினேன். தோட்டத்தில் மோட்டார் இருக்கிறது, கொட்டாயில் அவள் இருக்கிறாள் என்பதுபோல.

“நீயும் வாடி” என்றேன். “பையனுக்கு இப்பவே போன் போடறேன். மாட்டுக்கு ஆள் வெச்சிக்கலாம். அவரு இருக்கட்டும், நாம ரெண்டு பேரும் போவலாம்.” வாய் குழறியது. என்னென்னவோ சொன்னேன்.

“இப்ப நான் வந்தா அது வேண்டுதலா ஆயிடும்க்கா” என்றாள். “அத்தை தொட்டில் வாங்கிக் கையில குடுப்பாங்க. ஈரத் துணியோட சுத்தணும், பச்சத் தண்ணி பல்லுல படக்கூடாது. திரும்பி வந்தா ஊரே வயித்தப் பாக்கும். எனக்குப் போதும்க்கா.”

“அப்ப நானும் போவல. நிறுத்திடறேன்.”

“நிறுத்துனா, எனக்கு வேண்டிக்கினத நீ நிறுத்திட்டன்னு பேசுவாங்க. அதுக்கும் என்னத்தான் அய்யோ பாவம்னு பாப்பாங்க.”

எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் சொன்ன பொய் அவள்மேலேயே போய் இடித்தது. கேள்வி கேட்காத பொய் என்று கெட்டிக்காரத்தனமாகத் தேர்ந்தெடுத்தேனே, அது அவளைச் சுற்றி வேலி போட்டு வைத்திருந்தது. நான் அழுதேன். நடு ரோட்டில், சோளக் குவியல்மேல் உட்கார்ந்து அழுதேன். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனது. அன்றைக்கு ஓட்டுநரை நான் திருப்பித் திட்டவில்லை.

“நீ போயிட்டு வா” என்றாள் அவள், மடியில் இருந்த சோளத்தைப் படுதாவுக்கு அடியில் கொட்டிக்கொண்டே. “எனக்குன்னு அங்க எதுவும் கேக்காத. அது மட்டும் பண்ணு. சும்மா பாத்துட்டு வந்து, எப்பிடி இருந்துச்சுன்னு சொல்லு. இந்த வூட்லேந்து ஒருத்தியாவது சும்மா பாத்தான்னு இருக்கட்டும்.”

வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினோம். அத்தை நெற்றி நிறைய விபூதி பூசி அனுப்பினார். ஓரகத்தி பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தாள். கையில் ஒரு பழைய பை வைத்திருந்தாள். பஸ் கண்ணுக்குத் தெரிந்ததும் பையிலிருந்து என் புதுச் செருப்பை எடுத்து ரோட்டில் வைத்தாள். தவிட்டுத் தூசி போகத் துடைத்திருந்தாள். “பழச கயட்டிக் குடுக்கா, நான் எடுத்துக்கினு போறேன்” என்றாள். நான் நின்றபடியே மாற்றிக்கொண்டேன். என் பழைய செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு அவள் வெறுங்கையை ஆட்டினாள்.

மதுரைக் கோயிலில் வரிசை நீளமாக இருந்தது. அத்தை கொடுத்த முடிச்சை உண்டியலில் போட்டேன். அது அவருக்கும் அம்மனுக்கும் உள்ள விவகாரம், அதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அப்புறம் சன்னதியில் கை கூப்பி நின்றேன். வாய் தானாக அவளுக்காகக் கேட்கப் போனது. கேட்காதே என்று சொல்லியிருக்கிறாளே. அதை விழுங்கிக்கொண்டு நின்றேன். எனக்காகவும் எதுவும் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள், நகர்ந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் மஹாலுக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்தபடி நின்றுவிட்டார். வீடியோவில் பார்த்தது ஒன்றுமே இல்லை. அவ்வளவு பெரிய முற்றம், சுற்றிலும் தூண்கள், மேலே வளைவுகள். வெயில் அவர்கள் சொன்னபடியே சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷம் வந்தது. இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். வந்த சந்தோஷத்தை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

அப்போது போன் அடித்தது. ஓரகத்திதான்.

“அக்கா, கன்னு போட்டுடுச்சு. கிடேரி, பொட்டக் கன்னு. விடியறதுக்கு முன்னாடியே போட்டுச்சு, நீ ஊரு பாக்கறப்ப தொல்ல பண்ண வேணாம்னு இப்பதான் பேசறேன். நஞ்சுக்கொடியும் நல்லபடியா விழுந்துடுச்சு.”

“தனியாவாடி பாத்த?”

“அத்தை வெளக்கு புடிச்சாங்க. நான் இழுத்தேன்.” அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “வேண்டுதல் மாட்டுக்குப் பலிச்சிடுச்சுக்கா” என்று சிரித்தாள். அப்படிச் சிரிக்க அவளால்தான் முடியும். நான் சிரிக்க முயற்சி செய்தேன், வரவில்லை.

“மஹாலுக்குப் போயிட்டியா?” என்று கேட்டாள்.

“உள்ளதான் இருக்கறேன்.”

“தூணு எத்தினி பெருசு?”

நான் அண்ணாந்து பார்த்தேன். எப்படிச் சொல்வது? “நம்ம ஏரிக்கரை அரசமரம் இருக்குதுல்ல, அதவிட ஜாஸ்தி” என்றேன்.

“கட்டிப்புடிச்சிப் பாத்தியா?”

“இன்னும் இல்ல.”

“புடிச்சிப் பாரு. அதுக்குத்தானே போன” என்று சொல்லிவிட்டு, மாடு கத்துகிறது என்று போனை வைத்தாள்.

நான் ஓரமாக இருந்த ஒரு தூணிடம் போனேன். காவல்காரர் எங்கோ தூரத்தில் இருந்தார். அத்தனை நாள் ஆசைப்பட்ட தூணைக் கட்டிப்பிடித்தேன். கை பாதிகூடப் போகவில்லை. என் வீட்டுக்காரருக்கு இது விளையாட்டாகிவிட்டது. “இரு, நான் அந்தப் பக்கம் புடிக்கறேன்” என்று சுற்றிக்கொண்டு போனார். அவர் தலை மறைந்துவிட்டது. நான் விரல்களை நீட்டித் துழாவினேன். வழவழவென்று சுண்ணாம்புதான் தட்டுப்பட்டது, அவர் விரல் கிடைக்கவில்லை. அவரும் அந்தப் பக்கம் எக்கி எக்கித் தேடுவது கேட்டது.

“எட்டுதாங்க?” என்று கேட்டேன்.

“எங்க எட்டுது?” என்றார் தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே சொன்னார். “ஒரு ஆள் கம்மியா இருக்குதுடி.”

நான் கையை எடுக்கவில்லை. கன்னத்தைத் தூணில் வைத்தபடி நின்றேன். முற்றத்தில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஊரில் அது கறவை நேரம்.